விலை இறங்கிய பங்கெல்லாம் மலிவான பங்கா?

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன் நான். சந்தை இறங்கியிருக்கும்போது வாங்கிப் போட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு தொலைத்தொடர்பு நிறுவனப் பங்கு பத்து ரூபாய்க்குள் கிடைக்கிறது, ஐ.டி. பங்குகளும் உச்சத்திலிருந்து நன்றாக இறங்கிவிட்டன. கையிலுள்ள 4 லட்சம் ரூபாயை இரண்டிலும் பாதிப் பாதியாகப் போடலாமா? இரண்டு ஆண்டில் மகளுக்குத் திருமணம் செய்ய வேண்டும்.
- வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. திருமணத்துக்குத் தேவைப்படும் தொகையைத் தனியே பிரித்து வங்கியிலோ அஞ்சலகத்திலோ வைப்பாகப் போட்டுவிடுங்கள்; இரண்டே ஆண்டில் எடுத்தாக வேண்டிய பணம் பங்குச் சந்தைக்கு உரியதன்று.

மீதியைப் பற்றிப் பேசுவோம். இரு துறைப் பங்குகளும் இறங்கியிருந்தாலும் இறக்கத்தின் காரணம் ஒன்றல்ல. அலைக்கற்றை ஏலத்துக்கும் கோபுரங்களுக்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பெருங்கடன் வாங்கியாக வேண்டும். சந்தாதாரர் குறைந்தாலும் வட்டி குறையாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் கட்டணங்கள் சரிந்து, 2018இல் வோடஃபோனும் ஐடியாவும் இணைந்து வோடஃபோன் ஐடியா ஆயின. 2019இல் இந்நிறுவனம் பங்கு ஒன்று 12.50 ரூபாய் என உரிமைப் பங்கு (ஏற்கெனவே உள்ள பங்குதாரர்களுக்கு முதலில் தரப்படும் புதிய பங்கு) வெளியிட்டு 25,000 கோடி ரூபாய் திரட்டியபோது, அந்த விலையே மலிவு என்று நம்பி வாங்கியவர்கள் பலர். அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று, அரசுக்குச் செலுத்தும் உரிமக் கட்டணத்தைக் கணக்கிடும்போது தொலைத்தொடர்பு சாராத வருவாயையும் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் செப்டம்பரில் முடிந்த காலாண்டுக்கு வோடஃபோன் ஐடியா காட்டிய நஷ்டம் 50,900 கோடி ரூபாய்க்கு மேல். நவம்பரில் பங்கு 4 ரூபாய்க்கும் கீழே போனது. அதே தீர்ப்பு ஏர்டெல்லையும் தாக்கியது. ஆனால் அந்நிறுவனத்தால் 2020 ஜனவரியில் முதலீட்டாளர்களிடமிருந்து 300 கோடி டாலர் திரட்ட முடிந்தது. பங்கின் விலையைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்காது. கடனைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எனவே ஆண்டறிக்கையில் லாப நஷ்டக் கணக்கை எடுத்து, ‘நிதிச் செலவு’ (பெரும்பாலும் கடன் வட்டி) என்ற வரியைத் தேடுங்கள். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 120 கோடி, நிதிச் செலவு 100 கோடி என்றிருந்தால், வியாபாரம் சிறிது சுணங்கினாலும் வட்டி கட்ட வழியிருக்காது. அத்தகைய பங்கு எவ்வளவு இறங்கினாலும் உங்களைப் போன்றவர்கள் ஒதுங்கியிருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்ற ஐ.டி. நிறுவனங்களுக்குக் கடன் சுமை ஏறக்குறைய இல்லை. அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் செலவைக் குறைப்பதால் வளர்ச்சி மந்தமாகும்போது இவை இறங்குகின்றன. அந்த மந்தத்தைத் தாங்கிக் கடக்கக் கையில் பணம் இருக்கிறது. அதற்காக எந்த விலையிலும் வாங்கலாம் என்று எண்ண வேண்டாம். 2000 மார்ச்சில் 5,048 புள்ளிகளில் முடிந்த, தொழில்நுட்பப் பங்குகள் மிகுந்த அமெரிக்க நாஸ்டாக் குறியீடு, அந்த உச்சத்தை மீண்டும் தாண்ட 2015 வரை ஆயிற்று. ஆகவே ஒரே நாளில் போடாமல், பன்னிரண்டு மாதத் தவணைகளாகப் பிரித்து வாங்குங்கள்.

கேள்வி: 40 ரூபாய்க்கு வாங்கிய 100 தொலைத்தொடர்புப் பங்குகள் இப்போது 8 ரூபாயில் நிற்கின்றன. இன்னும் 400 வாங்கி ‘ஆவரேஜ்’ செய்யலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: அப்படிச் செய்தால் சராசரி விலை 14.40 ரூபாய்க்கு வரும். ஆனாலும் போட்ட முதல் திரும்ப, பங்கு இன்றைய விலையிலிருந்து 80 சதவீதம் ஏற வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 ஏப்ரலில் வோடஃபோன் ஐடியா அரசுக்குச் செலுத்த வேண்டிய 36,950 கோடி ரூபாய் பாக்கியைப் பங்குகளாக மாற்றியபோது, 10 ரூபாய் வீதம் 3,695 கோடி புதிய பங்குகள் அரசுக்குப் போயின. அரசின் பங்கு சுமார் 49 சதவீதமாக உயர்ந்தது. நிறுவனம் பிழைக்க அது உதவியது. ஆனால் மற்ற பழைய பங்குதாரரின் கூறு அதற்கேற்பச் சுருங்கிவிட்டது. உங்கள் நிறுவனமும் கடனைப் பங்காக மாற்றும் நிலையில் இருந்தால், இந்த 3,200 ரூபாயை அதில் போட வேண்டாம்.