மன்றாட்டில் அடிக்கப்பட்ட வரி

அன்புள்ள ஐயா,

ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிப்பவன் நான். எங்கள் பங்கின் (ஊர்க் கோவில் சபையின்) ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவையிலும் உறுப்பினன். கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் இரண்டு விஷயங்களை உங்களிடம் கேட்கவேண்டும்.

எங்கள் பங்கைச் சேர்ந்த சில இளைஞர்கள் ஒரு கும்பலோடு சேர்ந்து, வெளியிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தை அடித்துவிட்டார்கள். அவர்கள் வேறு மொழி, வேறு மதம். அந்த ஞாயிறு, திருப்பலியில் எல்லோர் சார்பிலும் வாசிக்கும் விசுவாசிகள் மன்றாட்டு எழுதவேண்டியது என் முறை. 'தாக்கப்பட்ட குடும்பத்துக்காகவும், தாக்கியவர்கள் மனம் திரும்பவும்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். வாசிக்கப் போய் நின்று பார்த்தால், அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே 'உலக அமைதிக்காக' என்று எழுதியிருந்தது. பங்குத்தந்தையின் கையெழுத்து. நானும் அதையே வாசித்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு பேரவையில் பேச்சு வந்தபோது, 'கோவிலுக்குள்ளே அரசியல் வேண்டாம்' என்று ஒருவர் முடித்துவைத்தார்.

இன்னொன்று. பாடகர் குழுவில் முக்கியமான ஒருவர் மனைவியை அடிப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மா பங்கு அலுவலகத்துக்குப் போய் ஃபாதரிடம் அழுதிருக்கிறார். 'மன்னித்துவிடு மகளே, ஒவ்வொருவருக்கும் ஒரு சிலுவை உண்டு' என்று ஃபாதர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஃபாதர் கெட்டவர் இல்லை. நள்ளிரவில் கூப்பிட்டாலும் நோயாளியைப் பார்க்க ஓடுகிறவர்.

வன்முறையை எதிர்ப்பது திருச்சபையின் வேலையா? ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானா? இந்தப் பங்கை விட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைக்கிறேன்.

ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

ஊரையும் ஆளையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டு உங்கள் கடிதத்தை வெளியிடுகிறேன்.

உலக அமைதிக்காக மன்றாடுவதில் தப்பே இல்லை. அதைக் கேட்டு யாரும் எழுந்து வெளியே போகமாட்டார்கள், யார் முகமும் சுருங்காது. உங்கள் வரி அப்படிப்பட்டதல்ல. அடிபட்டவர்கள் கோவிலுக்கு வெளியே இருந்தார்கள். அடித்தவர்களோ, அவர்களுடைய அப்பா அம்மாவோ உள்ளே நின்றுகொண்டிருந்தார்கள். 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று அவர்களும் வாய்விட்டுச் சொல்லவேண்டி வந்திருக்கும். ஃபாதர் பேனாவை எடுத்தது அந்த ஒரு நொடியை நினைத்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வன்முறையை எதிர்ப்பது திருச்சபையின் வேலையா என்று கேட்கிறீர்கள். ஆமாம். ஆனால் அந்த வேலை தொடங்கும் இடம் வெளியே இல்லை. தன் ஆட்களைப் பார்த்து 'கையை எடு' என்று சொல்வதுதான் அதன் முதல் பகுதி, கடினமான பகுதியும் அதுதான். கெத்சமனி தோட்டத்தில் வாளோடும் தடியோடும் வந்த கூட்டம் இருந்தது. இயேசு 'வாளை உறையில் போடு' என்று சொன்னது அந்தக் கூட்டத்தைப் பார்த்து அல்ல, பேதுருவைப் பார்த்து. தன்னைக் காப்பாற்ற வாளை உருவியவனைப் பார்த்து. வெட்டுப்பட்ட காது எதிராளியின் வேலைக்காரனுடையது. அதைத் தொட்டுக் குணப்படுத்தினார் என்று லூக்கா எழுதுகிறார். உங்கள் மன்றாட்டின் இரண்டு பாதியும் இந்தக் காட்சியிலேயே இருக்கிறது.

வரலாறு கேட்டால் நம்மவர்கள் முதலில் எடுத்துவிடுவது மிலான் ஆயர் (பிஷப்) அம்புரோஸின் கதையை. கி.பி. 390-ல் தெசலோனிக்கா நகரில் ஒரு கலவரம், அதில் படைத்தளபதி கொல்லப்பட்டார். பழிவாங்கப் பேரரசர் தெயோதோசியுஸ் படையை ஏவினார். ஆயிரக்கணக்கான பேர் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். பேரரசர் ஞானஸ்நானம் பெற்றவர், திருச்சபையின் ஆள். அம்புரோஸ் கோவில் வாசலில் நின்று கையை நீட்டி அவரைத் தடுப்பதுபோல் ஓவியங்கள் உண்டு. பின்னால் வந்தவர்கள் மெருகேற்றிய காட்சி அது. அவர் செய்தது கடிதம் எழுதியது. எழுத்தரைக் கூப்பிடாமல், இன்னொருவர் கண்ணில் படக்கூடாது என்று தன் கையாலேயே எழுதினார். நீங்கள் அங்கே நின்றால் என்னால் திருப்பலி ஒப்புக்கொடுக்க முடியாது என்பது அதன் சாரம். பேரரசர் அரச அணிகளைக் கழற்றிவிட்டு ஊரறியத் தவம் செய்தார். அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில்தான் மறுபடி நற்கருணைக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

மறையுரைகளில் கதை இங்கே முடிந்துவிடும். இரண்டு ஆண்டு பின்னால் போனால் இன்னொரு சம்பவம் இருக்கிறது, அதைச் சொல்லிக் கேட்பது அரிது. 388-ல் யூப்ரடீஸ் நதிக்கரையில் கல்லினிக்கும் என்ற ஊரில் ஒரு கிறிஸ்தவக் கும்பல் யூதர்களின் தொழுகைக்கூடத்தைக் கொளுத்தியது. உள்ளூர் ஆயரே தூண்டினார் என்று புகார். அந்த ஆயர் தன் செலவில் அதைத் திரும்பக் கட்டித் தரவேண்டும் என்று இதே தெயோதோசியுஸ் உத்தரவு போட்டார். நியாயமான உத்தரவு. அம்புரோஸ் விடவில்லை. உத்தரவை ரத்து செய்வதாக வாக்குக் கொடுத்தால்தான் திருப்பலியைத் தொடங்குவேன் என்று எல்லோர் முன்னிலையிலும் அடம்பிடித்து நின்றார். பேரரசர் இறங்கிவந்தார். அதே ஆயர், அதே பேரரசர், அதே பீடம். ஒரு முறை கொன்றவனை மனம் திரும்பச் செய்ய, ஒரு முறை கொளுத்தியவனைக் காப்பாற்ற. அம்புரோஸ் புனிதர்தான், மறைவல்லுநர்தான். இதையும் செய்தார்.

உங்கள் பங்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். யாரும் அந்த இளைஞர்களை நியாயப்படுத்திப் பேசவில்லை, மௌனம்தான். ஆனால் அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பையன்களுக்கு அது எப்படிப் புரிந்திருக்கும்?

நாஜி ஜெர்மனியில் மூன்ஸ்டர் ஆயர் வான் காலன் 1941 ஆகஸ்ட் 3-ஆம் தேதி மறையுரையில், மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் அரசு ரகசியமாகக் கொல்கிறது, இது கொலை என்று பச்சையாகச் சொன்னார். அதற்குள் ஏறத்தாழ 70,000 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த மாதமே விஷவாயு மையங்களில் கொல்வதை நிறுத்தும்படி ஹிட்லர் உத்தரவிட வேண்டிவந்தது. ஊசியாலும் பட்டினியாலும் கொல்வது பிறகும் ஓசையில்லாமல் தொடர்ந்தது என்பது வேறு. யூதர்களுக்காக அதே ஆயர் அதே பீடத்திலிருந்து அப்படிப் பேசவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். என் மனதில் நிற்பது ஆயர் அல்ல, அந்த மறையுரையைப் பிரதியெடுத்துக் கைமாற்றிக் கொடுத்த சாதாரணக் குருக்கள். லூபெக் நகரில் மூன்று கத்தோலிக்கக் குருக்களும் ஒரு லுத்தரன் போதகரும் பிடிபட்டார்கள். குற்றச்சாட்டுகளில் இந்தப் பிரதிகளும் ஒன்று. 1943 நவம்பர் 10 அன்று ஹாம்பர்க் சிறையில் நான்கு பேரையும் ஒருவர்பின் ஒருவராகத் தலையை வெட்டிக் கொன்றார்கள். ஆயர்மேல் கைவைக்க அரசு தயங்கியது, இவர்கள் விஷயத்தில் தயங்கவில்லை. ஃபாதரைக் கோழை என்று சொல்லிவிட எனக்கு நாக்கு வராததற்கு இதுவும் காரணம். பங்கு மட்டத்தில் பேசுகிறவனுக்குக் கவசம் குறைவு.

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரின் பேராயர் ரொமேரோவை எல்லோரும் சொல்வார்கள், அவர் 1980 மார்ச் 24 அன்று திருப்பலியில் சுட்டுக் கொல்லப்பட்டதால். நான் சொல்ல நினைப்பது அதற்கு மூன்று ஆண்டு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒன்றை. 1977 மார்ச்சில் ருத்திலியோ கிராந்தே என்ற கிராமத்துப் பங்குத்தந்தையையும், அவரோடு வண்டியில் போன ஒரு முதியவரையும் ஒரு சிறுவனையும் சுட்டுக் கொன்றார்கள். ரொமேரோ பேராயராகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த ஞாயிறு உயர்மறைமாவட்டம் முழுவதும் எந்தப் பங்கிலும் பூசை கிடையாது, தலைமைக் கோவிலில் ஒரே ஒரு பூசைதான் என்று முடிவு செய்தார். வாட்டிகன் தூதர் எதிர்த்தார், வசதியானவர்கள் கோபப்பட்டார்கள். ஞாயிறு பூசை காணும் கடமையை எப்படி நிறைவேற்றுவது என்று கேட்டார்கள். வெறும் பிரசங்கம் என்றால் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். இந்த முறை வழக்கமான கோவிலே பூட்டிக் கிடந்தது, ஒரு குருவைக் கொன்றிருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் அன்று தெரிந்தாகவேண்டும். கடைசி ஞாயிறு மறையுரையிலும் அவர் உலகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சாதாரணச் சிப்பாய்களைப் பார்த்துப் பேசினார். நீங்கள் கொல்வது உங்கள் சொந்த மக்களை, கடவுளின் சட்டத்துக்கு எதிரான உத்தரவுக்கு எந்தச் சிப்பாயும் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்றார். அந்தச் சிப்பாய்களும் பெரும்பாலும் அதே திருச்சபையில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். மறுநாள் மாலை குண்டு வந்தது.

'கோவிலுக்குள்ளே அரசியல் வேண்டாம்' என்ற வாதம் எனக்குச் சுத்தமாகப் புரியாமல் போவது இங்கேதான். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது என்று ஃபாதர் சொன்னால் நானும் எதிர்ப்பேன். தன் பங்கின் பையன் ஒரு குடும்பத்தின் கதவை உடைத்தான் என்றால் அவனைக் கூப்பிட்டுப் பேசுவது மேய்ப்புப்பணி. அதைவிட்டுவிட்டுப் போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 1994-ல் இனப்படுகொலை நடந்த ருவாண்டா சாட்சி. பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்களாக இருந்த நாடு. தஞ்சம் தேடிக் கோவில்களுக்குள் ஓடியவர்களை, அதே கோவில்களில் முழங்காலிட்டவர்கள் உள்ளே புகுந்து கொன்றார்கள். தன் கோவிலையே புல்டோசரால் இடிக்கத் துணைபோன ஒரு பங்குத்தந்தைக்குச் சர்வதேசத் தீர்ப்பாயம் 2008-ல் ஆயுள்தண்டனை கொடுத்தது. அந்நாட்டு ஆயர்கள், கிறிஸ்தவர்களுக்கு அந்தக் கொலைகளில் இருந்த பங்குக்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டது 2016-ல்.

இனி அந்த அம்மாவின் விஷயம். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

மன்னிப்பு பற்றி இயேசு சொன்னதை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். முழுதாகச் சொல்லவில்லை. லூக்கா 17-இல் வரிசை தெளிவாக இருக்கிறது: உன் சகோதரன் தவறு செய்தால் அவனைக் கடிந்துகொள், அவன் மனம் மாறினால் மன்னி. கடிந்துகொள்ளும் பகுதியைப் பங்கு விழுங்கிவிட்டது, மனம் மாறும் பகுதியைக் கணவரிடம் யாரும் கேட்கவே இல்லை, மிச்சமிருந்த மன்னிப்பை மட்டும் தூக்கி அந்த அம்மாவின் தலையில் வைத்தாகிவிட்டது. மலைப்பொழிவிலும் பாருங்கள். காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் செய்துகொள் என்பது, தன்மேல் பிறருக்கு மனத்தாங்கல் இருப்பதை நினைவுகூர்கிறவனுக்குச் சொன்னது. அதாவது பாடகர் குழுவில் நின்று பாடுகிறவருக்கு. வீட்டில் அடிபட்டவருக்கு அல்ல.

சிலுவை என்ற வார்த்தையை இன்னொருவர் முதுகுக்கு நாம் அளவெடுக்க முடியாது. அவர் அந்த வீட்டிலேயே கிடக்கவேண்டும் என்று திருச்சபையின் சட்டமும் சொல்லவில்லை. உடலுக்கோ மனதுக்கோ பெரும் ஆபத்தை உண்டாக்கும் துணையைவிட்டுப் பிரிந்து வாழ 1153-ஆம் சட்டப்பிரிவு இடம்கொடுக்கிறது, தாமதம் ஆபத்து என்றால் தானாகவே பிரிந்து போகவும் விடுகிறது. குடும்பத்தைப் பற்றி 2016-ல் எழுதிய மடலில் போப் பிரான்சிஸ், வன்முறையிலிருந்து நலிந்தவரையும் குழந்தைகளையும் காப்பாற்றப் பிரிவது சில நேரங்களில் அறநெறிப்படி அவசியமாகவே ஆகும் என்றார். அமெரிக்க ஆயர்கள் 1992-லேயே இதற்கென்று அறிக்கை வெளியிட்டு, அடிக்கிற மணவாழ்க்கையில் யாரும் தங்கியிருக்கத் தேவையில்லை என்பதை 2002-ன் திருத்தத்தில் அழுத்திச் சொன்னார்கள். உங்கள் ஃபாதர் இதையெல்லாம் படிக்காதவராக இருக்கமாட்டார். அவர் அந்தக் குடும்பம் உடைந்துவிடக்கூடாது என்று நினைத்திருப்பார். அடி விழுந்த அன்றே அது உடையத் தொடங்கிவிட்டது.

பாவசங்கீர்த்தன ரகசியம் என்று யாராவது சொன்னால் குழம்பவேண்டாம். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் குரு எந்த விதத்திலும் வெளியிடக் கூடாது, சரிதான். இந்த அம்மா சொன்னது பங்கு அலுவலகத்தில், உதவி கேட்டு.

நீங்கள் செய்யக்கூடியது என்று பார்த்தால், முதலில் அந்த அம்மாவிடம், நம்பிக்கையான ஒரு பெண் வழியாக, என்ன வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். போலீசா, தங்க ஓர் இடமா, வக்கீலா, இப்போதைக்கு ஒன்றும் வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்யவேண்டும். அவருக்குத் தெரியாமல் பேரவையில் அந்தப் பேச்சை எடுத்துவிடாதீர்கள். கணவரின் காதுக்கு அன்றே போய்விடும், வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அடிபட்ட குடும்பத்தை இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போய்ப் பாருங்கள். ஃபாதர் வந்தாலும் வராவிட்டாலும் போங்கள். அந்த வீட்டு வாசலில் நிற்க உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பங்கை விட்டுப் போவது பற்றி: உங்கள் கடிதத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது. வரியை அடித்தது பற்றி ஃபாதரிடம் நேரில் கேட்டீர்களா? பேரவையில் பேச்சு வந்ததைச் சொல்கிறீர்கள், எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அவரிடம் தனியாகப் போனதாக எங்கும் இல்லை. மத்தேயு 18-இல் உள்ள படிகள் அவருக்கும் பொருந்தும். முதலில் தனியாக, கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு, அதற்கும் கேட்காவிட்டால் சபையில். நோயாளி வீட்டுக்கு நள்ளிரவில் ஓடுகிறவர் என்று நீங்களே சொல்லும் ஆள், ஒருவேளை தனக்குத் துணையாக நிற்கப் பேரவையில் ஒருவர்கூட இல்லை என்று நினைத்திருக்கலாம். நீங்கள் இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியட்டும். அந்த மூன்று படியும் ஏறிப் பார்த்துவிட்டு, அப்போதும் அங்கே நிற்க முடியவில்லை என்றால் எழுதுங்கள், வேறு பங்கைப் பற்றிப் பேசலாம். அடுத்த முறை மன்றாட்டு எழுதும் முறை வரும்போது, தாளைக் கொடுப்பதற்கு முன்பே அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள்.

அன்புடன்