தென்னைநார்க் கழிவு நிக்கலைப் பிடிக்குமா?

கேள்வி: கோவையில் சிறிய நிக்கல் பிளேட்டிங் பட்டறை நடத்துகிறேன். அலசல் தண்ணீரிலுள்ள நிக்கலை நார்க்கழிவு போட்டே எடுத்துவிடலாம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: எடுக்கலாம், ஆனால் கடைசிக் கட்டத்துக்கு மட்டும். முதலில் காஸ்டிக் சோடா விட்டு பி.எச். (அமில-காரத் தன்மை) அளவை 10-க்கு ஏற்றுங்கள். பெரும்பகுதி நிக்கல் பச்சை வண்டலாக இறங்கிவிடும். சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் அதன் கால்சியம், பின்னால் நார்க்கழிவில் நிக்கல் ஒட்ட வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தெளிந்த நீரை வடிகட்டி, நீர்த்த கந்தக அமிலத்தால் 6-க்கு இறக்கிய பிறகே நார்க்கழிவில் விட வேண்டும். 3-க்குக் கீழே போனால் நிக்கல் ஒட்டாது. 8-ஐத் தாண்டினால் வண்டலாகி, நார்க்கழிவு நிரப்பிய குழாயை அடைக்கும். பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

நார்க்கழிவை அப்படியே போட்டால் தண்ணீர் காப்பி நிறமாகிவிடும். லிட்டருக்கு 4 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரில் நான்கு மணி நேரம் ஊறவையுங்கள். கழுவும் நீர் தெளிந்து பி.எச். 7 வரும்வரை அலசி, காயவைத்து, தூசியைச் சலித்துத் தள்ளுங்கள். குழாயில் நிரப்புமுன் மறுபடி ஊறவைப்பது அவசியம். உலர்ந்ததை இறுக்கி நிரப்பினால் உள்ளேயே உப்பி ஓட்டம் நின்றுவிடும்.

எவ்வளவு நார்க்கழிவு வேண்டும் என்பதை உங்கள் தண்ணீர்தான் சொல்லும். ஒவ்வொரு லிட்டருக்கும் 1, 2, 5, 10 கிராம் எனப் போட்டு, இரண்டு மணி நேரம் கலக்கி, மிச்ச நிக்கலை ஆய்வகத்தில் அளந்து பாருங்கள். கிராமுக்கு 4 மில்லிகிராம் பிடிக்கிறது என்று வந்தால், லிட்டருக்கு 10 மில்லிகிராம் உள்ள 1,000 லிட்டருக்கு 2.5 கிலோ வேண்டும். நீர்நிலையில் விட அனுமதிக்கப்படும் நிக்கல், லிட்டருக்கு 3 மில்லிகிராம்.

இரண்டு குழாய்களை அடுத்தடுத்து வையுங்கள். நடுவில் எடுத்த நீரில் சில சொட்டு அம்மோனியாவும், நிக்கலைக் காட்டிக்கொடுக்கும் டைமெத்தில் கிளையாக்ஸிமும் விட்டுப் பாருங்கள். ரோஜாச் சிவப்பு தெரிந்தால் முதல் குழாய் நிறைந்துவிட்டது.

கேள்வி: குரோம் அலசல் நீரையும் இதிலேயே சேர்க்கலாமா?

பதில்: கூடாது. அந்த நீரிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் எதிர்மின்னூட்டம் கொண்டது, ஏறக்குறைய பி.எச். 2-இல்தான் நன்றாகப் பிடிபடும். அதைத் தனித் தொட்டியில் சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டு மூன்று இணைதிறனாக்கி, பி.எச். 8.5 அளவில் வண்டலாக்குவதே நல்லது. சயனைடு கலந்த முலாம் தொட்டியின் நீர் எந்த அமிலத்தோடும் சேரவே கூடாது. உயிரைப் பறிக்கும் வாயு கிளம்பும்.

கேள்வி: தீர்ந்த நார்க்கழிவைத் தென்னைக்கு உரமாகப் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பிடித்த நிக்கல் முழுதும் அதற்குள்தான் இருக்கிறது. எரித்தாலும் சாம்பலில் தங்கும். மூட்டைகட்டி, மழை படாமல் வைத்து, வண்டலோடு சேர்த்து அபாயக் கழிவாக அனுமதி பெற்ற நிறுவனத்திடம் கொடுங்கள்.