கொழும்புக்குள் இறங்காமல் மகரகமவுக்குப் போகலாமா?

கேள்வி: அப்பாவை மாதத்துக்கு ஒருமுறை மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு கிளினிக்குக் கூட்டிப் போகிறோம். சாமம் பன்னிரண்டுக்கு வானில் வெளிக்கிட்டாலும் விடியக் கொழும்பு நெரிசலுக்குள் மாட்டுப்பட்டு விடுகிறோம். எங்கள் சாரதி பேலியகொடையில் இறங்கி பொரளைப் பக்கத்தால்தான் போவார். வெளிவட்ட ஹைவேயால் போனால் நகரத்தைத் தொடவே தேவையில்லை என்று மச்சான் சொல்கிறார். சரிதானா?
– வாசகர், மல்லாவி

பதில்: மச்சான் சொன்னது சரி. கொழும்பைச் சுற்றி கெரவலப்பிட்டியவிலிருந்து கொட்டாவ வரை 29 கிலோமீற்றர் போகிறது அந்தப் பாதை. வட்டம் என்று பெயர்தானே தவிர முழு வட்டம் இல்லை, மேற்கே கடல் இருக்கிறதல்லவா, அதனால் வில்லு மாதிரி கிழக்குப் பக்கம் வளைந்து போகும். உங்கள் சாரதி பழைய ஆள் என்று நினைக்கிறேன். 2014இல் கொட்டாவையிலிருந்து கடுவெல வரையும், அடுத்த வருடம் கடவத்தை வரையும்தான் திறந்தார்கள். கெரவலப்பிட்டியவில் கட்டுநாயக்க ஹைவேயோடு அது இணைந்தது 2019 கடைசியில். அதற்கு முன் ஓடிப் பழகியவர்களுக்குக் கை தானாகவே பேலியகொடைக்குத் திரும்பும், அவர்களில் பிழை சொல்ல முடியாது.

புத்தளம், நீர்கொழும்புப் பக்கத்தால் வருகிறீர்கள் என்றால் கட்டுநாயக்கவில் ஹைவே ஏறி கெரவலப்பிட்டியவில் வெளிவட்டத்துக்கு மாறுங்கள். குருநாகல் பக்கத்தால் கண்டி வீதிக்கு வந்தால் கடவத்தையில் ஏறலாம். எதால் வந்தாலும் கொட்டாவையில் இறங்கினால் ஹைலெவல் வீதி, அதில் கொழும்புப் பக்கமாகக் கொஞ்சத் தூரம் போக மகரகம வந்துவிடும். உச்ச வேகம் மணிக்கு 100, அந்த 29 கிலோமீற்றரும் இருபது நிமிடக் கதைதான்.

ஆனால் ஒன்று. ஏ9இல் கனகராயன்குளம், புளியங்குளம் என்று வரும்போது மாடு குறுக்கே வரும், நாய் வரும், லைட் இல்லாத சைக்கிள் வரும், கால் பிறேக்கிலேயே இருப்பதால் நித்திரை கிட்ட வராது. ஹைவேயில் ஒன்றுமே வராது, நேரான தெரு, ஒரே சத்தம், ஆறு மணித்தியாலம் ஓடிக் களைத்த ஆளுக்குக் கண் சொருகுவது அங்கேதான். ஏறுவதற்கு முன்பே ஒரு கடையில் நிறுத்தி சாரதிக்குப் பிளேன்ரீ வாங்கிக் கொடுங்கள், எண்ணெயும் அங்கேயே அடித்துவிடுங்கள்.

அடுத்தது டிக்கெட். ஏறும்போது தருவார்கள், இறங்கும்போது அதைக் கொடுத்துத்தான் காசு கட்ட வேண்டும். முதல் தடவை நான் அதைப் பின்னால் இருந்த பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவர் பத்திரமாக இருக்கட்டும் என்று திருநீற்றுப் பைக்குள் வைத்துவிட்டு நித்திரையாகிவிட்டார். அதைப் பற்றிக் கேட்டு எழுப்பிக்கொண்டிருந்த நேரத்தில் கொட்டாவை வாசல் கடந்து போய்விட்டது. ஹைவேயில் பின்னால் எடுக்கவும் முடியாது, திருப்பவும் முடியாது, கஹதுடுவ வரை தெற்கே போய் இறங்கித் திரும்பி வந்தோம். இறங்கும் இடத்தில் சாம்பல் பூசிய டிக்கெட்டைக் கொடுத்தபோது அந்தப் பிள்ளை ஊதிவிட்டு வாங்கினாள்.

கேள்வி: லண்டனில் இருக்கும் அண்ணா எம்25 என்ற தெருவால் முழு லண்டனையும் ஒரு சுற்றுச் சுற்றியதாக வீடியோ போட்டிருக்கிறார். அப்படி எவ்வளவு தூரம்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: 188 கிலோமீற்றர், எங்கள் ஏ9 முழுவதிலும் பாதிக்கு மேல். 1986இல் முழுதாகத் திறந்தார்கள். தெரு வெறிச்சென்று இருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் சுற்றலாம், ஆனால் அந்தத் தெரு வெறிச்சென்று இருப்பது அபூர்வம். கடலில்லாத ஊர், அதனால் சுற்றிவரப் போட முடிந்தது. அங்கேயும் வட்டம் ஒரு இடத்தில் பெயர் மாறுகிறது என்பதை அண்ணா சொல்லியிருக்க மாட்டார். தேம்ஸ் ஆற்றைக் கடக்கும் டார்ட்ஃபோர்ட்டில் அது எம்25 இல்லை, ஏ282. வடக்கே போகிறவர்கள் சுரங்கத்தால், தெற்கே வருகிறவர்கள் பாலத்தால். பகலில் கடந்தால் காசு உண்டு, ஆனால் வாங்க ஆளும் இல்லை, கூடமும் இல்லை. கமரா நம்பரைப் படம் பிடிக்கும், மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் கட்ட வேண்டும், மறந்தால் தண்டப் பணம் கேட்டு வீட்டுக்குக் கடிதம் வரும். அண்ணா கட்டினாரா என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் நல்ல மோட்டார் சைக்கிள் இருக்கிறது. வெளிவட்டத்தில் ஒரு ஓட்டம் ஓடிப் பார்க்கலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: விட மாட்டார்கள். முச்சக்கர வண்டிக்கும் இதே கதைதான். லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெசினும் ஏறாது, அடுத்த கடிதம் வருவதற்கு முன்னமே சொல்லிவிடுகிறேன்.