கூண்டு வலையில் வெள்ளைக் குழாய்ப்புழு: செம்புப் பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: மண்டபம் பக்கம் 6 மீட்டர் விட்டமுள்ள மிதவைக் கூண்டில் கோபியா மீன் வளர்க்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வலை மாற்றுவேன். இந்த முறை வலையிலும் கூண்டை மிதக்க வைக்கும் பேரல்களிலும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் குழாய்கள் நெளிநெளியாக ஒட்டியிருக்கின்றன. உடைத்தால் உள்ளே சின்னப் புழு. போன வருடம் இது இல்லை. துறைமுகப் பக்கமிருந்து சில பழைய பேரல்கள் வாங்கிப் போட்டிருந்தோம். இந்தப் புழு மீனைக் கடிக்குமா? படகுக்கு அடிக்கும் செம்புப் பெயின்டை வலைக்கு அடிக்கலாமா?

பதில்: பெயின்ட் வேண்டாம் ஐயா. நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் இது ஹைட்ராய்டஸ் எலிகன்ஸ் என்ற குழாய்ப்புழுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். செம்பைத் தாங்குவதில் இது கெட்டிக்காரப் புழு. செம்புப் பெயின்ட் அடித்த கப்பல் அடிப்பாகத்திலேயே ஒட்டி வளரும். காசும் போகும், சாப்பிடுகிற மீனைச் சுற்றி செம்பும் கரையும். உறுதி செய்துகொள்ள, ஒரு துண்டு வலையை அப்படியே வெட்டி மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள்.

மீனை இது கடிக்காது. இறகு போன்ற கொண்டையை வெளியே நீட்டி, தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்னும். தொட்டால் கொண்டையை உள்ளே இழுத்துக்கொண்டு குழாயின் வாயை மூடிவிடும். கெடுதல் வேறு வழியில் வருகிறது. வலைக்கண் அடைபட்டால் நீரோட்டம் குறையும், கூண்டுக்குள் ஆக்சிஜன் குறையும். குழாயின் விளிம்பு கூர்மை என்பதால் மீன் உரசினால் தோலில் காயம் வரும், அதில் கிருமி ஏறும். பாரம் கூடி மிதவையும் தாழும். தீவனம் எடுப்பது குறைந்தால் முதலில் வலையைப் பாருங்கள், மருந்தைத் தேடாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம், நாள் கணக்கு. நம் கடல் சூட்டில் இதன் இளம்புழு ஏறக்குறைய 5 நாள் நீந்தித் திரியும். பிறகு பாக்டீரியா படலம் படிந்த இடமாகப் பார்த்து உட்காரும். புது வலையிலும் சில நாளில் அந்தப் படலம் வந்துவிடும். உட்கார்ந்து 3 வாரம் போனால் அதுவே இனப்பெருக்கத்துக்குத் தயார். ஆக, இரண்டு மாதம் வலையை விட்டால் உங்கள் கூண்டிலேயே இரண்டாம் தலைமுறையும் குடியேறிவிடும். இன்னொரு செட் வலை வாங்கி வைத்து, 3 வாரம் முடியும் முன்பே மாற்றுங்கள். செலவுதான், ஆனால் பெயின்டை விட இது பலன் தரும்.

வலையைத் தண்ணீருக்குள் வைத்துத் தேய்க்கவே கூடாது. குழாய் உடைந்தால் முதிர்ந்த புழு உடனே முட்டையையும் விந்தையும் வெளியே விடும். ஆய்வுக்கூடத்தில் இளம்புழு எடுப்பதற்கே இப்படித்தான் உடைக்கிறார்கள். கரைக்கு ஏற்றி, சுள்ளென்ற வெயிலில் இரண்டு மூன்று நாள் காயப் போட்டு, பிறகு தட்டி உதிருங்கள். காய்ந்த குழாய் எளிதாக நொறுங்கும். உதிர்ந்ததைக் கடலில் கொட்டாமல் மேட்டில் புதைத்துவிடுங்கள். கூண்டில் சில ஓரா மீன்களை விட்டால் வலையில் வரும் பாசியை மேயும், ஆனால் இந்தக் கல்குழாயை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

பேரல் விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. 1883-இல் சிட்னி துறைமுகத்திலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட இனம் இது. கப்பல் அடியில் ஒட்டிக்கொண்டே உலகின் வெப்பமான துறைமுகங்களுக்கெல்லாம் போய்விட்டது. நம் நாட்டுத் துறைமுகங்களுக்கும் புதிதல்ல. அதனால் பேரலில் வந்ததா, ஏற்கெனவே இந்தத் தண்ணீரில் இருந்து இந்த வருடம் பெருகியதா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஜப்பானின் ஹிரோஷிமா விரிகுடாவில் 1969-இல் இந்தப் புழு அளவுக்கு மீறி ஒட்டி, சிப்பி வளர்ப்புக்குப் பெரிய சேதம் ஏற்பட்டது. சில வருடம் அடங்கியிருந்து, ஒரு வருடம் குவியும்.

அதனால் பழைய பேரல், கயிறு, வலை எது வாங்கினாலும் ஈரமே இல்லாமல் நன்றாகக் காயவைத்துச் சுரண்டிய பிறகே கடலில் இறக்குங்கள். பக்கத்துக் கூண்டுக்காரருக்கு ஈர வலையைக் கடன் கொடுக்கவும் வேண்டாம். அப்புறம், கூண்டு ஓரமாக ஒரு பழைய ஓட்டுத் துண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அதில் வெள்ளைக் கீற்றுகள் தெரிந்தால் அந்த வாரமே வலை மாற்ற ஆள் சொல்லிவிடலாம்.