ச-வுக்கும் த-வுக்கும் என்ன உறவு? (யாப்பு கேள்வி பதில்)

ஐயா, எதுகை எது, மோனை எது என்று தேர்வில் எப்போதும் மாற்றி எழுதிவிடுகிறேன்.
முதல் எழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. முதல் குறளிலேயே இரண்டும் உண்டு. ‘அகர’, ‘பகவன்’: இரண்டிலும் இரண்டாவது க, எதுகை. ‘அகர’, ‘ஆதி’: அ-வுக்கு ஆ இன எழுத்து, அதாவது மோனையில் அதற்கு இணையாக ஏற்கப்படும் எழுத்து; அதனால் மோனை. கண்ணால் தேடாதீர்கள். வாய்விட்டுப் படியுங்கள்.

பட்டு, பாட்டு எதுகைதானே?
இல்லை. முதலெழுத்தின் அளவும் ஒத்துவர வேண்டும். பட்டு–கட்டு சரி, பாட்டு–கூட்டு சரி. குறிலும் நெடிலும் கலந்தால் எதுகை ஆகாது.

ரைம் என்றால் எதுகையா?
இயைபு. அது அடியின் கடைசியில் வருவது.

‘சந்தனம்’, ‘தங்கம்’ மோனை என்று எழுதினேன். அண்ணன் சிரிக்கிறான்.
அண்ணனைக் கூப்பிடுங்கள். ச–த, ஞ–ந, ம–வ மூன்றும் மோனைக்கு இன எழுத்துகள். காதுக்கு ஒட்டவில்லையே என்பான். அவனையே பேசச் சொல்லுங்கள். ‘அடித்தான்’ அவன் வாயில் ‘அடிச்சான்’ ஆகும். ‘விழுங்கு’ என்பது ‘முழுங்கு’ ஆகும். ‘ஐந்து’ என்பதை ‘அஞ்சு’ என்பான். அதில் ந் ஞ்-ஆகவும் து சு-ஆகவும் ஒரே மூச்சில் மாறிவிடுகின்றன. மோனையில் சேரும் இந்த எழுத்துகள் நம் பேச்சிலும் இடம் மாறிக்கொள்கின்றன.

நான்தான் அந்த அண்ணன். கொச்சைப் பேச்சு இலக்கணத்துக்குச் சான்றாகுமா?
வாருங்கள். தேவாரத்தில் ‘அஞ்செழுத்து’ என்றே வருகிறது, அது கொச்சையா? ‘நயம்’ ‘ஞயம்’ ஆவதை முதற்போலி (முதலெழுத்து மாறியும் பொருள் மாறாத சொல்) என்று நீங்களே மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

பட்டு, பாட்டு ஏன் எதுகை இல்லை?
மேலே இருக்கிறது.

முதல் குறளின் கடைசிச் சீர் ‘உலகு’ என்பதற்கு என்ன வாய்பாடு?
‘பிறப்பு’ என்னும் வாய்பாடு. ‘உல’ இரண்டு குறில் சேர்ந்த நிரை அசை, அதன்பின் ‘கு’ குற்றியலுகரம்.

மலர்ப்பாதம், பாதமலர்?
முதலாவது உவமை, அடுத்தது உருவகம்.

என் கவிதையில் உள்ள அணிகளை எல்லாம் நாளைக்குள் எழுதித் தருவீர்களா?
வீட்டுப்பாடம் உங்களுடையது. வாய்விட்டுப் படித்துவிட்டு, சிக்கிய வரியை மட்டும் அனுப்புங்கள்.

ஐயா, பட்டும் பாட்டும்...
மேலே. மேலே!

மறுபடியும் அண்ணன்தான். அப்படியென்றால் க-வும் ப-வும் மோனையாகுமா?
ஆகாது. ‘கல்’லைப் ‘பல்’ என்று பேசுகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. சரி, தம்பிக்கு அந்த மதிப்பெண்ணைக் கொடுங்கள்.