எதிரே வருபவரும் பின்னால் வருபவரும்

வணக்கம் சார்,

நான் மேடவாக்கத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஈசிஆரில் சைக்கிள் ஓட்டுவேன். என்னுடையது எம்டிபி, அதாவது மலைப்பாதைக்கான சைக்கிள், 29 அங்குலச் சக்கரம், முன்னால் சஸ்பென்ஷன். ரோடு பைக்கில், அதாவது ஒல்லி டயர் போட்ட வேக சைக்கிளில், வருகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொள்கிறார்கள். நான் கை காட்டினால் பெரும்பாலும் பதிலே இல்லை. போன வாரம் முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால் ஒரு குரூப்பே என்னைத் தாண்டிப் போனது. ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. "எம்டிபியை எடுத்துக்கொண்டு ஈசிஆருக்கு வந்தால் யார் மதிப்பார்கள்? ரோடு பைக் வாங்கு" என்கிறான் என் நண்பன். இதற்கென்று ஏதாவது வழக்கம் உண்டா? கை காட்டுவதை விட்டுவிடலாமா? வேறு சைக்கிள்தான் வாங்க வேண்டுமா?

பிரகாஷ்

அன்புள்ள பிரகாஷ்,

கை காட்டுவதை விட வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. எதிரே வந்தவர் பதில் தராமல் போனது ஒன்று, பின்னாலிருந்து வந்தவர்கள் பேசாமல் தாண்டியது இன்னொன்று. முதலாவதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவதை என்னால் லேசில் விட முடியாது.

எதிரே வருபவரை முதலில் பார்ப்போம். நீங்கள் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், அவர் 30-இல் வருகிறார் என்றால், நடுவே உள்ள தூரம் நொடிக்கு 15 மீட்டர் குறைகிறது. 50 மீட்டரில் உங்களைக் கவனித்தால் அவருக்குக் கிடைப்பது மூன்று நொடி சொச்சம். அதற்குள் சாலையோர மணலைப் பார்க்க வேண்டும், ராங் சைடில் வரும் ஸ்கூட்டரைப் பார்க்க வேண்டும், நாயைப் பார்க்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் மகாபலிபுரத்திலிருந்து திரும்புகிறவர் என்றால் வடகிழக்குக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருப்பார்.

அப்புறம், அவருடைய கையைப் பாருங்கள். ரோடு பைக்கின் வளைந்த ஹேண்டில்பாரில், ரப்பர் உறை போட்டு மேடாக ஒரு பிடி இருக்கும். ஹூட் என்பார்கள். உள்ளங்கை அதன்மேல் அழுந்தியிருக்கும், விரல்கள் பிரேக் லீவரைத் தொட்டபடி இருக்கும். அங்கிருந்து அவர் சொல்லும் வணக்கம் ஆள்காட்டி விரலைச் சற்றே தூக்குவதுதான். பழகாத கண்ணுக்கு அது தெரியாது. உங்களுக்குப் பதில் வராத பல நேரங்களில் அந்த விரல் எழுந்திருக்கும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். குரூப்பில் வருபவருக்கு இன்னும் கஷ்டம். காற்றை முன்னால் போகிறவர் தாங்கிக்கொள்ள, மற்றவர்கள் அவரை ஒட்டியே ஓட்டுவார்கள். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு முழம் இருந்தால் அதிகம். அங்கே கைதான் பேசும். கீழே காட்டினால் பள்ளம், உயரத் தூக்கினால் நிற்கப்போகிறேன் என்று பொருள். உங்களுக்காக ஒருவர் கையைத் தூக்கினால், பின்னால் வருபவர் பிரேக்கைப் பிடித்துவிடுவார்.

மலைப்பாதையில் ஓட்டுபவர்களின் பழக்கம் வேறு இடத்தில் பிறந்தது. 1970-களில் கலிபோர்னியாவில் டமால்பைஸ் மலைப் பக்கம் பழைய சைக்கிள்களை மண்பாதையில் இறக்கி ஓட்டத் தொடங்கினார்கள். அதே பாதைகளில் நடப்பவர்களும் குதிரையில் வருபவர்களும் இருந்தார்கள். தகராறு வந்தது, பல பாதைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. அதை எதிர்கொள்ள 1988-இல் அங்கே உருவானதுதான் சர்வதேச மலை சைக்கிள் சங்கம். அவர்கள் வகுத்த நெறிகள்: நடப்பவருக்கும் குதிரைக்கும் வழி விடு, இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழி விடு, நீ வருவதை மணி அடித்தோ ஒரு வணக்கம் சொல்லியோ தெரியப்படுத்து. ஒற்றையடிப் பாதையில் வேகத்தைக் குறைக்காமல் யாரையும் தாண்ட முடியாது. குறைத்த பிறகு பேசாமல் போவது எப்படி? அங்கே வணக்கம் என்பது வழி கேட்பது.

ஈசிஆருக்கு வர வேண்டியது இந்த நெறிதான், ரோடு பைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். பின்னாலிருந்து தாண்டுகிறவர் முதலில் வாய் திறக்க வேண்டும். கோவளம் தாண்டி ஓரத்தில் மணல் சேர்ந்திருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மணலைக் கண்டதும் நாம் யோசிக்காமல் ஓரடி வலப்பக்கம் ஒடிப்போம். அதே நொடியில் வலப்பக்கம் ஒருவர் 35-இல் வந்துகொண்டிருப்பார். அவர் மிதித்துக்கொண்டு வந்தால், மிதிக்காதபோது பின்சக்கரத்தில் கேட்கும் 'டிக் டிக்' என்ற ஃப்ரீவீல் சத்தம்கூட வராது. இருவரும் விழுவோம், பின்னால் பஸ் வரும். "அண்ணா, ரைட்ல வர்றேன்" என்று பத்து மீட்டருக்கு முன்னால் சொல்ல எவ்வளவு மூச்சு செலவாகும்? உங்களைத் தாண்டிய அந்தக் குரூப்பில் கடைசி ஆளாவது சொல்லியிருக்க வேண்டும். முதல் ஆள் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. இதில் எம்டிபி, ரோடு பைக் என்ற பேச்சே இல்லை. டீ கேனைக் கட்டிக்கொண்டு பழைய ஹெர்குலிஸில் போகும் பெரியவரை நீங்கள் தாண்டும்போதும் இதே கடமை உங்களுக்கு உண்டு. ஹெல்மெட் போட்டவருக்கு மட்டும் குரல் கொடுப்பவரை நான் மரியாதை தெரிந்தவர் என்று சொல்ல மாட்டேன்.

தனியாக ஓட்டும் பெண்களுக்கு ஒரு தலையசைப்பு போதும். பக்கத்தில் வேகத்தைக் குறைத்துப் பேச்சுக் கொடுக்காதீர்கள். விடியாத நேரத்து ஈசிஆரில் அது அவர்களுக்குப் பயம் தரும்.

ஓரத்தில் சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு நிற்கும் ஒருவரைக் கண்டால் மட்டும், எந்த வேகத்தில் போனாலும் "எல்லாம் சரியா?" என்று கேட்டுவிடுங்கள். உதவுவதில் ஒரு சிக்கல் உண்டு, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரோடு பைக்கில் பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா வால்வு. நம்மூர் எம்டிபிகள் பலவற்றில் மோட்டார் பைக்கில் இருப்பது போன்ற தடித்த ஷ்ரேடர் வால்வு. தடித்த வால்வு ரோடு பைக் ரிம்மின் துளைக்குள் நுழையாது, ஆகவே உங்கள் டியூப் அவருக்கு உதவாது. அவருடையது உங்களுக்கு உதவும். உங்கள் 29 அங்குல ரிம்மும், 700 என்று குறிப்பிடப்படும் அவருடைய ரிம்மும் ஒரே விட்டம், 622 மில்லிமீட்டர். ஒல்லியான டியூப்தான், ஆனாலும் மெதுவாக ஓட்டினால் வீடு சேரலாம். அவருக்கு நீங்கள் தரக்கூடியது காற்று. பித்தளையில் சின்ன வால்வு அடாப்டர் ஒன்று சைக்கிள் கடையில் கிடைக்கும், பம்ப்போடு அதையும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஹெர்குலிஸின் வால்வு இரண்டிலும் சேராத ரகம். வால்டியூப் போயிருந்தால் பக்கத்துப் பஞ்சர் கடை எங்கே என்று சொல்லிவிட்டாவது போகலாம்.

புது சைக்கிள் இந்தக் காரணத்துக்காக வேண்டாம். ஈசிஆரில் மட்டும்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் குமிழ் டயரைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான, ஒல்லியான டயராகப் போடுங்கள். சஸ்பென்ஷனில் லாக் அவுட் இருந்தால் பூட்டிவிடுங்கள். அதே காலுக்கு வேகம் கூடுவது அன்றைக்கே தெரியும். நீங்களும் நாலு பேரைத் தாண்டத் தொடங்குவீர்கள். டயர் மாற்றும்போதே ஒரு மணியையும் பொருத்தச் சொல்லுங்கள்.