காட்டு டிஸ்கஸ் கறுத்துப் போனது ஏன்?

வாசகர் கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் ஆறு டிஸ்கஸ் மீன்கள் வாங்கினேன். அமேசானில் பிடித்த அசல் காட்டு மீன் என்று சொல்லித் தந்தார்கள். முன்னதாக அனுப்பிய படத்தில் உடம்பெல்லாம் நீலக் கோடு, செம்பு நிறம், சிவந்த கண். என் தொட்டியில் அவை பழுப்பாக, கறுப்புப் பட்டைகளோடு மூலையில் ஒடுங்கி நிற்கின்றன. அரைகுறையாகத்தான் சாப்பிடுகின்றன. விற்றவரைக் கேட்டால் கலர் உணவு போடுங்கள், நல்ல வெளிச்சமான விளக்கு வையுங்கள், கொஞ்சம் கல்லுப்பும் சேருங்கள் என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா? நிறம் திரும்புமா?

பதில்: பெரும்பாலும் திரும்பும். ஆனால் படத்தில் பார்த்த அளவுக்குத் திரும்பாது. அதற்கு மீனைக் குறை சொல்ல முடியாது, படத்தைத்தான் சொல்ல வேண்டும். படத்தின் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த விளக்கை அணையுங்கள். உப்புப் பொட்டலத்தைக் கட்டி வைத்துவிடுங்கள். டிஸ்கஸ் தாது உப்பு ஏறக்குறைய இல்லாத மென்னீரில் வாழும் மீன். காரணம் தெரியாமல் போடும் கல்லுப்பு அதற்கு இன்னொரு சுமை. பளிச்சென்ற விளக்கு அதைவிட மோசம். இந்த மீன்கள் கரையோரத்தில் நீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரக்கிளைகளின் நிழலில் வாழ்பவை. பயந்திருக்கும் மீனை வெளிச்சத்தில் நிறுத்தினால் இன்னும் கறுக்கத்தான் செய்யும்.

டிஸ்கஸ் உடம்பில் நிறம் மூன்று வழியில் வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் உங்கள் கவலை பாதி தீர்ந்துவிடும். கறுப்புப் பட்டை நரம்பின் வேலை. தோலில் உள்ள கருநிறமிச் செல்களில் நிறமி, மீன் மிரளும்போது செல் முழுக்கப் பரவும். பட்டைகள் எழும்பும். மனம் அடங்கினால் நிறமி செல்லின் நடுவில் ஒடுங்கிக்கொள்ளும், பட்டை மங்கும். சில நிமிடங்களிலேயே மாறக்கூடிய நிறம் இது. நீலக் கோடு சாயமே இல்லை. தோலுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தோன்றும் நிறம் அது, மயிலிறகில் தெரிகிறதே, அதுபோல. அதனால் வெளிச்சம் முன்பக்கமிருந்து விழுந்தால் ஜொலிக்கும், நேர் உச்சியிலிருந்து மட்டும் விழுந்தால் காணாமல் போகும். சிவப்பும் மஞ்சளும் சாப்பாட்டிலிருந்து வருபவை. அந்த நிறமிகளை மீனால் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. காட்டில் பாசியிலிருந்தும் பாசி தின்னும் சிறு உயிர்களிலிருந்தும் அவை கிடைக்கின்றன. பிடிபட்டு, கிடங்கில் கிடந்து, பையில் அடைபட்டுப் பயணம் செய்த நாட்களில் மீன் ஏறக்குறையப் பட்டினிதான். சிவப்பு வெளுப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

விற்றவர் சொன்ன கலர் உணவு இந்த மூன்றாவது நிறத்துக்கு மட்டும் உதவும். அதுவும் மீன் சாப்பிட்டால்தான். வாயே திறக்காத மீனுக்குக் கலர் உணவு கொட்டினால் அது அடியில் அழுகித் தண்ணீரைத்தான் கெடுக்கும். நீலக் கோடு இல்லாத மீனுக்கு எந்த உணவும் நீலக் கோடு வரைந்து தராது.

ஏமாந்தீர்களா என்று கேட்டீர்கள். மீன் போலி என்ற பொருளில் கேட்டிருந்தால், அநேகமாக இல்லை. ஆற்றிலிருந்து வந்த மீன் முதல் சில வாரம் இப்படித்தான் இருக்கும். வந்த மறுநாளே பளபளக்கும் சின்னஞ்சிறு ‘காட்டு மீன்’தான் சந்தேகத்துக்குரியது. பண்ணைக் குஞ்சுகளுக்கு ஆண் ஹார்மோனை உணவில் கலந்து கொடுத்து, வளர்ந்த மீனின் நிறத்தை முன்கூட்டியே வரவழைக்கும் பழக்கம் பல காலமாக இருக்கிறது. மருந்து நின்றதும் நிறம் இறங்கும். பெண் மீன்கள் முட்டையிடும் திறனைக்கூட இழக்கலாம். காட்டு ரகத்தின் குஞ்சுக்குச் சிறு வயதில் மங்கிய பழுப்புதான் இயல்பு. அழகு பின்னால் மெல்லத்தான் ஏறும். ஐந்து சென்டிமீட்டர் குஞ்சு உடம்பெல்லாம் நீலம் காட்டினால், அதைக் காட்டு மீன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆனால் வேறொரு விதத்தில் நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். அமேசான் கிளையாறுகளில் நீர்மட்டம் ஆண்டுக்குச் சுமார் பத்து மீட்டர் ஏறி இறங்கும். நீர் வற்றும் மாதங்களில் டிஸ்கஸ் கூட்டங்கள் கரையோரக் கிளைக் குவியல்களில் ஒதுங்கும். மீனவர்கள் இரவில் விளக்கும் கைவலையுமாகப் போய்ப் பிடிப்பார்கள், இல்லையென்றால் குவியலைச் சுற்றி வலையிட்டுக் கிளைகளை ஒவ்வொன்றாக அகற்றிப் பிடிப்பார்கள். அப்படிக் கிடைக்கும் மீன்களில் தலை முதல் வால் வரை நீலக் கோடு ஓடுவது ஒரு சில மட்டுமே. வியாபாரத்தில் ‘ராயல்’ என்று சொல்வது அவற்றைத்தான். நெற்றியிலும் முதுகிலும் துடுப்பிலும் மட்டும் கோடு இருந்தால் ‘செமி ராயல்’. மற்றவை வெறும் பழுப்பு. ராயல் ப்ளூ என்பது தனி இனம் கிடையாது, பொறுக்கி எடுத்த தரத்தின் பெயர். படம் எடுப்பது பொறுக்கி எடுத்த மீனை, பையில் போட்டுத் தருவது மிச்சத்தை. அந்தப் படத்தையும் சிவப்பு கூட்டும் விளக்கின் கீழ் எடுத்து, பிறகு கணினியில் நிறத்தை ஏற்றிவிடுகிறார்கள். நடுவில் நிற்கும் ஆட்கள் பணம் பார்ப்பது இந்த இடத்தில்தான். இரவெல்லாம் தண்ணீரில் நின்ற மீனவருக்குப் போய்ச் சேர்வது அதில் சொற்பம்.

அடுத்த முறை வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஆறு? எந்த மாதம் பிடித்தது? உங்களிடம் எத்தனை நாளாக இருக்கிறது, என்ன சாப்பிடுகிறது? மூன்றாவதற்கு வாயால் பதில் வாங்காதீர்கள், கண்ணெதிரே சாப்பிட வைத்துப் பாருங்கள். ‘அமேசான்’ என்பது முதல் கேள்விக்குப் பதிலாகாது. தெஃபே ஏரிப் பக்கத்துப் பச்சை டிஸ்கஸின் உடம்பில் செம்புள்ளிகள் இருக்கும், அலெங்கேர் பக்கத்து மீன்கள் செம்பழுப்பு. ஆற்றின் பெயரைச் சொல்லிவிட்டால் மீனின் நிறம், அதற்கு வேண்டிய தண்ணீர், அதன் சுபாவம் எல்லாம் தெரிந்துவிடும். இந்த ஒரே ஒரு பெயர் மீனவருக்குத் தெரியும், முதலில் வாங்கும் படகுக்காரருக்குத் தெரியும், மனௌஸ் நகரத்து ஏற்றுமதியாளருக்கும் தெரியும். அங்கிருந்து ஒவ்வொரு கை மாறும்போதும் அது தேய்ந்து, கடைக்கு வரும்போது வெறும் ‘வைல்டு’ ஆகிவிடுகிறது. எண்ணிக்கைக்கும் எடைக்கும் இத்தனை தாள் நிரப்பச் சொல்லும் முறையில், உயிரோடு வரும் பிராணி எங்கே பிடிபட்டது என்று ஒரு வரி பையின் மேல் ஒட்டச் சொல்ல இத்தனை காலமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு வரி இருந்தால் எத்தனையோ மீன்கள் பிழைத்திருக்கும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஆற்றின் பெயரை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் ஹெக்கல் டிஸ்கஸ். உங்கள் ஆறு மீன்களில் ஒன்றாவது ஹெக்கலாக இருந்தால் கணக்கே மாறிவிடும். 1840இல் ஹெக்கல் என்ற ஆஸ்திரிய அறிஞர் முதன்முதலில் விவரித்த டிஸ்கஸ் இதுதான். பெயரும் அவருடையதே. ரியோ நீக்ரோ, ஞமுண்டா போன்ற கருநீர் ஆறுகளின் மீன் இது. அந்தத் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும், தாது உப்பு ஏறக்குறைய இல்லை, ரியோ நீக்ரோவில் பி.எச். எனும் அமில அளவு (ஏழு நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில்கூட நிற்கும்.

அடையாளம் சுலபம். டிஸ்கஸுக்குப் பொதுவாக ஒன்பது பட்டை. ஹெக்கலில் கண் வழியே இறங்கும் முதல் பட்டை, உடம்பின் நடுவில் உள்ள ஐந்தாவது, வாலடியில் உள்ள ஒன்பதாவது ஆகிய மூன்றும் தடித்திருக்கும். அதிலும் நடுப்பட்டை மை பூசியது போலிருக்கும். மற்ற டிஸ்கஸில் அமைதி வந்தால் பட்டைகள் மங்கும் என்றேன். ஹெக்கலில் அந்த நடுப்பட்டை அமைதியாக இருக்கும்போதும் போகாது. ஆகவே மற்ற மீன்கள் தெளிந்த பிறகும் ஒரு மீனின் நடுவில் மட்டும் கறுப்பு நின்றால், அதைப் பயம் என்று நினைத்து மருந்து மேல் மருந்தாக ஊற்றாதீர்கள். அது அந்த மீனின் இயல்பான அடையாளம். இப்படித் தவறாகப் புரிந்துகொண்டு மருந்தாலேயே கொல்லப்பட்ட ஹெக்கல்களை நான் பார்த்திருக்கிறேன்.

மற்றக் காட்டு டிஸ்கஸ் மீன்கள் சற்றே அமிலத் தன்மையுள்ள மென்னீரிலோ நடுநிலை நீரிலோகூடப் பழகிவிடும். பி.எச். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நிலையாக நின்றால் போதும். ஹெக்கல் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. கடின நீரில் வாரக்கணக்கில் சாப்பிடாமல் நின்று தேய்ந்துபோகும். அதற்கு ஆர்.ஓ. தண்ணீர் பெரும்பங்கு கலந்து, காய்ந்த நாட்டுவாதுமை இலையும் மரவேரும் ஊறிய நீர் வேண்டும். கடையில் புட்டியில் விற்கும் பி.எச். குறைப்பானால் இதைச் சாதிக்க நினைக்காதீர்கள். கடின நீரில் அதை ஊற்றினால் அளவு இறங்கும், மறுநாள் ஏறும், மீன் நடுவில் மாட்டிக்கொள்ளும். இன்னொரு சிக்கலும் உண்டு. பி.எச். ஆறுக்குக் கீழே போனால் ஃபில்டரில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மந்தமாகிவிடும். அமிலநீரில் அந்தக் கழிவு பெரிதாக நஞ்சாகாது. நீங்கள் திடீரென்று குழாய் நீரை நிறைய மாற்றினால் பி.எச். ஏறி, சேர்ந்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் அம்மோனியா நஞ்சாக மாறும். ஆகையால் ஹெக்கல் இருந்தால் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, அதே தன்மையுள்ள நீரால் மாற்றுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லையென்றால் ஹெக்கல் உங்களுக்கு வேண்டாம். தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துவிடுவதே அதற்குச் செய்யும் நன்மை.

இப்போது உங்கள் தொட்டி. மூன்று பக்கமும் கருந்தாள் ஒட்டுங்கள். உள்ளே உயரமான மரவேர்கள் இரண்டு மூன்று செங்குத்தாக நிற்கட்டும். ஒளிய இடம் இருந்தால்தான் மீன் வெளியே வரும். இது கேட்க முரணாக இருக்கும், ஆனால் ஒரு வாரத்தில் கண்ணால் பார்ப்பீர்கள். ஆறு வளர்ந்த மீனுக்கு 300 லிட்டருக்குக் குறைந்த தொட்டி போதாது. அதற்காக மீன் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் வலியது மெலியதை விரட்டியே கொன்றுவிடும்.

வெப்பம் 29 அல்லது 30 டிகிரி. அமேசான் மீன்தானே, சூடு தாங்கும் என்று 34, 35க்கு ஏற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். 2023 வறட்சியில் தெஃபே ஏரியின் நீர் 40 டிகிரியை நெருங்கியபோது நூற்றுக்கும் மேற்பட்ட ஆற்று ஓங்கில்கள் (டால்பின்கள்) செத்து மிதந்தன. அமேசான் உயிர்களுக்கும் எல்லை உண்டு. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் காற்றுக்கல் இரவும் பகலும் ஓடட்டும்.

சாப்பாட்டுக்கு, உறைந்த ஆர்டீமியாவும் (உப்புநீரில் வளரும் மிகச் சிறிய இறால் வகை) ரத்தப்புழுவும் சிறு அளவில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. பத்து நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். உயிருள்ள ட்யூபிஃபெக்ஸ் புழு வேண்டாம். சாக்கடையில் வளரும் அது நோயையும் கூடவே கொண்டுவரும். மாட்டு இதயக் கலவை போட்டால் சீக்கிரம் பெருக்கும் என்பார்கள். காட்டு டிஸ்கஸின் வயிற்றில் ஆய்வாளர்கள் கண்டது பாசி, மக்கிய இலைத் துகள், சிறு நீர்ப்பூச்சிகள். ஆகையால் சாப்பிடப் பழகியதும் ஸ்பைருலினா பாசி கலந்த உணவுக்கு மெல்ல மாற்றுங்கள். சிவப்பும் அதிலேயே ஏறத் தொடங்கும்.

தினமும் நிறத்தைப் பார்ப்பதை விட்டுக் கழிவைப் பாருங்கள். கருமையாக, கெட்டியாக விழுந்தால் மீன் தேறுகிறது. வெள்ளை நூல்போல நீண்டு தொங்கினால் குடலில் ஒட்டுண்ணியோ புழுவோ இருக்கலாம். பட்டினி கிடந்த மீனுக்கும் சில நாள் இப்படி வரும். சாப்பிடத் தொடங்கிய பிறகும் தொடர்ந்தால் மருந்து தேவை. ஒருபக்கச் செவுளை மூடிக்கொண்டு மூச்சுவிட்டால் செவுள் புழு இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பெயரில்லாத பொட்டலத்தில் ‘டிஸ்கஸ் ஸ்பெஷல்’ என்று நான்கு மருந்தைக் கலந்து விற்கிறார்களே, அதைத் தொடாதீர்கள். கழிவைச் சற்று நீரோடு எடுத்துப்போய் நுண்ணோக்கி உள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மீன் என்றதும் முகம் திருப்பும் மருத்துவர்கள் நிறையப் பேர் என்பது தெரியும். விடாமல் கேளுங்கள், ஒரு சொட்டை ஒரு நிமிடம் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. நிறம் வரத் தாமதமாகிறது என்று அதே ஆளிடம் போய்ப் பளிச்சென்ற பண்ணை டிஸ்கஸ் ஒன்றை வாங்கி இந்த ஆறு மீன்களோடு விட்டுவிடாதீர்கள். பார்க்க நல்ல உடல்நிலையில் இருக்கும் பண்ணை மீன், தான் பழகிப்போன கிருமியைக் காட்டு மீனுக்குக் கொடுக்கும். காட்டு மீனும் தன்னிடம் உள்ளதை அதற்குக் கொடுக்கும். ஒரே வாரத்தில் முழுத் தொட்டியும் கறுத்து, வழுவழுப்பு உரிந்து, ஒரு மூலையில் ஒண்டிக்கொள்வதைப் பார்க்க நேரும். புது மீன் எதுவானாலும் ஆறு வாரம் தனித் தொட்டி, தனி வலை, தனி வாளி. ஒரு தொட்டியில் விட்ட கையைக் கழுவாமல் இன்னொன்றில் விடவே கூடாது.